போனைத் தாண்டி வாழும் உறை

ஆம்பூர் பஜாரில் தோல் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடை. கைப்பேசிக்கு உறை வேண்டும் என்றதும் கடைக்காரர் இரண்டை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். இரண்டும் ஒரே பழுப்பு. ஓரத்தில் ஒரே மாதிரி வெள்ளை நூல் தையல். ஒன்று 150 ரூபாய், மற்றது 600.

"எது தோலு, எது ரெக்சினு? நீங்களே சொல்லுங்க பாக்கலாம்" என்றார்.

தடவிப் பார்த்தேன். இரண்டும் வழுவழு. மோந்து பார்த்தேன். இரண்டிலும் செருப்புக்கடை வாசனை. தோல் வாசனையைத் தனியாகப் புட்டியில் வாங்கி ரெக்சின் மேல் தெளித்துவிடலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. 600 ரூபாய் உறையைத் தொட்டு, "இதுதானே பாய்?" என்றேன்.

"சரிதான். ஆனா வெலைய வெச்சு சொல்றீங்க. மேல பாக்காதீங்க சார், மேல என்னா வேணா பூசிடலாம். வெட்டுன எடத்தப் பாருங்க."

கேமராவுக்காக வெட்டிய துளையின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். 150 ரூபாய் உறையின் விளிம்பில் இரண்டு அடுக்குகள் தெரிந்தன. மேலே முட்டை ஓட்டின் உட்சவ்வு போல மெல்லிய ஒரு படலம், அதன் கீழே நெய்த துணி; ஒரு நூல் பிசிறி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. 600 ரூபாய் உறையின் விளிம்பில் அடுக்கே இல்லை. மேலே நெருக்கமாக, கீழே போகப் போகத் தளர்வாக, தேங்காய் நார் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இழைகள். எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத பின்னல். எந்தத் தறியும் அப்படி நெய்யாது.

கைப்பேசிக்கு வாங்கும் துணைப்பொருள் எல்லாவற்றையும் நாம் மேலே பார்த்துத்தான் வாங்குகிறோம். உறை, திரைக்கு ஒட்டும் கண்ணாடி, சார்ஜர், கேபிள், பவர் பேங்க், எல்லாவற்றையும். வெட்டிய இடத்தைப் பார்த்தால் என்ன தெரியும் என்பதுதான் இந்த அத்தியாயம். தோலில் தொடங்குகிறேன். கடைத்தெருவில் கிடைக்கும் உறைப் பொருள்களிலேயே மிக நுட்பமான கட்டமைப்பு உள்ளது அதுதான். அந்தக் கட்டமைப்பு என்ன என்று முதலில் கண்டுபிடித்ததும் இங்கே, தமிழ்நாட்டில்தான்.

தோலின் இழை, கொலாஜன் என்னும் புரதம். அதன் ஒரு மூலக்கூற்றின் நீளம் சுமார் 300 நானோமீட்டர், பருமன் ஒன்றரை நானோமீட்டர். இருநூறு மடங்கு நீளம். கயிறு என்று சொல்லத் தக்க விகிதம். அது உண்மையிலேயே கயிறுதான், முப்புரிக் கயிறு. மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன. இதை 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கொலாஜன் சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம் வருகிறது. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. மூன்று புரியும் நெருங்கும் உள்மையத்தில் வேறெதற்கும் இடம் போதாது. அதனால்தான் அங்கே கிளைசின். அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு 'டிரிப்பிள் ஹெலிக்ஸ்', அதாவது முப்புரி, என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கத்து ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கையால் தொட்டுப் பழகிய பொருளின் உள்ளமைப்பை, இதே மாநிலத்தில் எக்ஸ் கதிர் படங்களை வைத்து இரண்டு பேர் கணித்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

உரித்த தோல் அப்படியே இருந்தால் நனைந்து அழுகும், காய்ந்தால் பலகையாகும். மிருதங்கத்தில் கட்டியிருப்பது பதனிடாத தோல். அதனால்தான் அதற்கு அந்த விறைப்பு, அதனால்தான் மழைக்காலத்தில் அது தொய்கிறது. கைப்பேசி உறைக்கு வேண்டியது வளைந்தும் வளையாமலும் இருக்கும் ஒன்று. கொலாஜன் கயிறுகளுக்கு நடுவே குறுக்குக் கட்டுப் போட்டால் அது கிடைக்கும். பதனிடுதல் என்பது அந்தக் கட்டுப் போடும் வேலை.

பாலாற்றுப் பக்கத்துக்காரர்கள் முதலில் அந்தக் கட்டை ஆவாரையிலிருந்து எடுத்தார்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே ஆவாரைதான். அதன் பட்டையில் அந்தக் கட்டுப் போடும் டானின் அதிகம். ஆங்கிலத்தில் அந்தச் செடிக்குத் தோல் பதனிடுவோர் செடி என்ற பொருளிலேயே ஒரு பெயர் உண்டு. பட்டையை ஊறவைத்த தொட்டியில் தோலை நாள்கணக்கில் போட்டு, கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் முக்கி எடுத்தால் வெளிர்மஞ்சள் பழுப்பில் வரும். 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் அது கடல் கடந்து போனது; புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் குரோமியத்தால் பதனிடும் முறை வந்தது. 1884இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அதற்குக் காப்புரிமை பெற்றார். நாள்கணக்கு மணிக்கணக்கானது. குரோமிய உப்பு கொலாஜனைப் பிடித்துக்கொள்ளும் பிடி டானினைவிடப் பலமானது. பச்சைத் தோல் வெந்நீரில் 60 டிகிரியைத் தாண்டினால் சுருங்கத் தொடங்கும். ஆவாரையில் பதனிட்டது 80 டிகிரி வாக்கில் சுருங்கும். குரோம் தோலைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் சுருங்காது. பதம் வந்துவிட்டதா என்று டேனரியில், அதாவது பதனிடும் ஆலையில், பார்ப்பதே ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுத்தான். பதனிடும் டிரம்மிலிருந்து வெளியே வரும்போது வெளிர்நீலமாக இருப்பதால் அதற்கு 'வெட் ப்ளூ' என்று பெயர். இன்று உலகத் தோலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இந்த வழியில் வருவதுதான்.

இனி கடைத்தெருவுக்கு வருவோம். 'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரையை நம்பி மட்டும் வாங்க வேண்டாம். மாட்டுத்தோல் தடிமனானது; அதைக் கிடைமட்டமாக அறுத்து இரண்டு மூன்று அடுக்குகளாகப் பிரிப்பார்கள். முடி இருந்த மேலடுக்கில் இழைகள் நெருக்கம், உறுதியும் அதற்குத்தான். கீழடுக்குக்கு 'ஸ்பிளிட்' என்று பெயர். அதுவும் தோல்தான், ஆனால் அதன் மேல் பாலியூரித்தேன் பூசி, மேலடுக்கின் மயிர்க்கால் புள்ளிகளை அச்சில் அழுத்திக் கொண்டுவந்துவிடலாம். ஐரோப்பியத் தர விதிப்படி பூச்சு 0.15 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அதை வெறுமனே 'தோல்' என்று சொல்லக்கூடாது. தோல் தூளைப் பசையில் குழைத்துத் தகடாக்கியது 'பாண்டட் லெதர்'. விளிம்பில் நார் தெரியாமல் கேழ்வரகுக் களியைக் கத்தியால் வெட்டிய மாதிரி மழமழவென்று இருந்தால் அதுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தோல் உறிஞ்சும் என்று சொல்வார்கள். ஆவாரைத் தோலில் அது சரி. மேலே பூச்சுப் போட்ட நல்ல குரோம் தோலில் சொட்டு அப்படியே உருண்டு நிற்கும். அதைக் கண்டு போலி என்று தள்ளிவிடக்கூடாது. விளிம்பு மட்டும்தான் பொய் சொல்லாது. அதிலும் சாயம் பூசி மெழுகு தேய்த்து மறைத்திருந்தால், உள்பக்கத்தை எங்கேயாவது பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

'வீகன் லெதர்' என்று இப்போது விற்பதில் பெரும்பாலானது நம் பழைய ரெக்சினின் தம்பி. ரெக்சின் என்பதே இங்கிலாந்தில் ஒரு கம்பெனி வைத்த வியாபாரப் பெயர். இன்றைய உறைகளில் படலம் பாலியூரித்தேன். ஈரமும் சூடும் சேர்ந்தால் அதன் மூலக்கூற்றுச் சங்கிலியில் தண்ணீர் புகுந்து பிணைப்புகளை அறுக்கிறது. ஈரம் மிகுந்த ஊர்களில் இரண்டு கோடை தாண்டியதும் சோபாவும் பர்சும் செதில் செதிலாக உரிவது இதனால்தான். தேய்ந்து உரிவதில்லை, பயன்படுத்தாமல் பீரோவில் வைத்தாலும் உரியும். ஆப்பிள் நிறுவனம் 2023 செப்டம்பரில், கரிம உமிழ்வைக் காரணம் காட்டித் தோல் உறைகளை நிறுத்திவிட்டு மறுசுழற்சிப் பாலியெஸ்டரில் நெய்த ஓர் உறையைக் கொண்டுவந்தது. சீக்கிரமே கறை படிகிறது, நூல் பிரிகிறது என்று வாங்கியவர்கள் சொன்னார்கள். அடுத்த ஆண்டே அந்தக் கைப்பேசி உறை கைவிடப்பட்டது. தோலுக்கு மாற்று தேடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. முப்புரிக் கயிற்றின் பின்னலுக்கு இணையாக ஒன்றை நெய்வது எவ்வளவு கடினம் என்பதைப் பெரிய கம்பெனிக்கும் அந்த ஓர் ஆண்டு காட்டிக்கொடுத்தது.

சரி, உறையின் வேலை என்ன? முதல் வேலை, விழும்போது காப்பது. இங்கே தோலுக்கு நான் பரிந்து பேச முடியாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 கிராம் எடையுள்ள கைப்பேசி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர், மிதிவண்டி வேகம். அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் பூஜ்யமாகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால், எடையைப் போல எத்தனை மடங்கு விசை தாக்குகிறது என்பது ஏறக்குறைய வந்துவிடும். உறை இல்லாத கண்ணாடி மூலை கருங்கல் தரையில் 0.2 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொண்டால் 5,000 மடங்கு. 200 கிராம் ஒரு டன்னாகி ஒரு மூலையில் இறங்குகிறது. அதே மூலையில் 2 மில்லிமீட்டர் அமுங்கிக் கொடுக்கும் ரப்பர் போன்ற பொருள் இருந்தால் 500 மடங்கு. ஒரு டன் 100 கிலோவாகிறது. கண்ணாடி பிழைப்பதும் உடைவதும் இந்த இரண்டு மில்லிமீட்டரில்தான்.

தோல் உறையின் மூலைகளில் பெரும்பாலும் தோல் இருக்காது. புத்தகம் போல மூடும் உறையைத் திறந்து பாருங்கள். உள்ளே கைப்பேசியைப் பிடித்திருப்பது ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அது விறைப்பான பிளாஸ்டிக்கா, நகத்தால் அழுத்தினால் அமுங்கும், டிபியூ என்னும் ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கா என்று பார்ப்பது மேலே இருக்கும் தோலைப் பார்ப்பதைவிட முக்கியம். மூலைகள் திறந்திருந்தால் அந்த உறை அழகுக்கு மட்டும்தான். 100 ரூபாய்க்குக் கிடைக்கும் கண்ணாடி போன்ற டிபியூ உறை, மூலையில் காற்றறை வைத்தது, இந்த வேலையை ஆயிரம் ரூபாய்த் தோலைவிட நன்றாகச் செய்யும். ஒரே வருடத்தில் மஞ்சளாகிவிடுகிறதே என்று பலர் அதைத் தூக்கிப் போடுகிறார்கள். வெயிலின் புறஊதாக் கதிரும் சூடும் அதன் மூலக்கூறில் செய்யும் மாற்றம்தான் அந்த மஞ்சள். அமுங்கும் தன்மை இருக்கும் வரை அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

தோலின் பலம் வேறிடத்தில். அது கையிலிருந்து நழுவ விடாது. வியர்த்த உள்ளங்கையின் ஈரத்தை இழை உறிஞ்சிக்கொள்வதால் பிடி இறுகும். விழுந்தபின் காப்பது டிபியூ என்றால், விழாமல் காப்பது தோல்.

அடுத்தது வெப்பம். வேலூரை வெயிலூர் என்று ஊர்க்காரர்களே சொல்வார்கள். அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் அது. லித்தியம் அயனி பேட்டரிக்கு 35 டிகிரிக்கு மேலேயே ஆயுள் வேகமாகத் தேயத் தொடங்கும். தோல், டிபியூ, துணி எல்லாமே வெப்பத்தைக் கடத்துவதில் கிட்டத்தட்ட ஒரே அளவு மந்தம். கண்ணாடி அவற்றைவிடப் பல மடங்கு பரவாயில்லை. ஆக, மே மாதத்தில் கைப்பேசிக்கு எந்த உறையும் கம்பளிதான். வேகமாக சார்ஜ் ஏற்றும்போதும், பைக் ஹேண்டில்பாரில் மாட்டி வழி பார்த்துக்கொண்டு போகும்போதும் உறையைக் கழற்றிவிடுங்கள். பேட்டரிக்கு இதைவிட நல்ல துணைப்பொருளைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

வெயில் தோலுக்கும் ஒன்று செய்யும். பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிற குரோமியம், தீங்கு குறைவானது. கடும் சூட்டிலும் வறட்சியிலும் அதில் ஒரு துளி ஆறு இணைதிற குரோமியமாக மாறக்கூடும். தோலை மென்மையாக்க ஏற்றும் எண்ணெய், முக்கியமாக மீன் எண்ணெய், காற்றில் கெடும்போது இந்த மாற்றத்துக்குத் துணைபோகிறது. ஆறு இணைதிறக் குரோமியம் சருமத்தில் ஒவ்வாமை உண்டாக்கும். நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய்க் காரணி. சருமத்தில் படும் தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் விதித்திருக்கிறது. கைப்பேசி உறை கையிலும் கன்னத்திலும் நாள் முழுக்கப் படும் பொருள். இதைத் தடுக்க இன்றைய டேனரிகள் கையாளும் வழிகளில் ஒன்று, குரோம் தோலைத் தாவர டானினில் மறுபடி பதனிடுவது. டானின் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும். பாட்டன் காலத்து ஆவாரைத் தொட்டியில் இருந்தது எதுவோ, அதன் உறவுதான் புதிய குரோமியச் சிக்கலுக்கும் மருந்தாகத் திரும்பி வந்திருக்கிறது. வாங்குபவர் செய்ய வேண்டியது எளிது: தோல் உறையைக் காரின் முன்கண்ணாடிக்கு அடியில் வெயிலில் வைத்துவிட்டுப் போகக்கூடாது, கையில் அரிப்போ தடிப்போ வந்தால் உறையைச் சந்தேகிக்க வேண்டும்.

சிக்னலைப் பற்றி ஒரு வார்த்தை. தோலும் பிளாஸ்டிக்கும் மின்கடத்தாப் பொருள்கள். ரேடியோ அலை அவற்றுள் தாராளமாகப் போகும். உலோகத் தகடு போட்ட உறைதான் தடுக்கும். காரில் காந்தத்தில் ஒட்டவைக்க உறைக்குள் செருகும் இரும்புத் தகடு, வயர்லெஸ் சார்ஜிங்கையும் கெடுக்கும். மாறும் காந்தப்புலத்தில் அந்தத் தகடே சூடாகும். மூடும் உறையில் இருக்கும் காந்தம் திரையை அணைக்கவும் எழுப்பவும் உதவுகிறது, ஆனால் திசைகாட்டியைக் குழப்பும், வங்கி அட்டையின் கறுப்புப் பட்டையை அழிக்கவும் கூடும். அட்டையின் சில்லுக்கு ஒன்றும் ஆகாது.

திரைக்கு ஒட்டும் டெம்பர்டு கிளாஸில் '9எச்' என்று போட்டிருக்கும். வைரத்துக்கு 10, ஆகவே இது வைரத்துக்கு அடுத்தது என்று கடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது வேறு அளவுகோல். 9எச் என்பது பென்சில் கடினம். மிகக் கடினமான பென்சிலாலும் கீறல் விழாது என்பதுதான் அதன் பொருள். பென்சில் கரியில் நம் கைப்பேசி எப்போது விழுந்தது? நம் சட்டைப்பையில் இருப்பது மணல். பாலாறு வருடத்தின் பெரும்பகுதி மணலாகவே ஓடும் ஆறு. அந்த மணலில் நிறைந்திருப்பது குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, கண்ணாடி 6 வாக்கில். ஒரே ஒரு மணல் துகள் போதும். ஆகவே ஒட்டும் கண்ணாடியும் கீறும், கீறத்தான் வேண்டும். அது தன்னைக் கொடுத்துத் திரையைக் காக்கிறது. விலை உயர்ந்ததாக ஒன்று வாங்குவதைவிட மலிவாக வாங்கி, கீறியதும் மாற்றுவது என் வழக்கம்.

காசைச் சேமிக்கக் கூடாத இடம் சார்ஜர். ஒரு பேருந்து நிலையத்துக் கடையில் 99 ரூபாய்க்கு வாங்கிய ஒன்று நாலாவது நாள் கருகி நாற்றமடித்தது. பிரித்துப் பார்த்தேன். 230 வோல்ட் வரும் பக்கத்துக்கும் கைப்பேசிக்குப் போகும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே பலகையில் சில மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். அதில் ஒரு செம்புக் கோடு மறுபக்கக் கோட்டை ஒரு நூல் தூரத்தில் நெருங்கியிருந்தது. அந்த இடைவெளிதான் வீட்டு மின்சாரத்துக்கும் நம் காதுக்கும் நடுவே இருக்கும் ஒரே சுவர். சார்ஜரை விற்பதற்கு முன் யாரும் நமக்குப் பிரித்துக் காட்டப்போவதில்லை. அதனால் இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய தயாரிப்பு என்று வரும். எடையும் சொல்லும்: உள்ளே ஒழுங்கான மின்மாற்றி இல்லாத சார்ஜர் கையில் காலி டப்பாவாக இருக்கும்.

கேபிளில் மறைந்திருப்பது செம்பின் பருமன். போக வர மொத்த மின்தடை கால் ஓம் உள்ள ஒரு மெல்லிய கேபிளில் 2 ஆம்பியர் போனால், அரை வோல்ட் வழியிலேயே சூடாகக் கரைகிறது. ஐந்தில் அரை, பத்து சதவீதம். நீளம் கூடக் கூட இழப்பும் கூடும்; ஒரு மீட்டர் போதுமென்றால் மூன்று மீட்டர் வாங்காதீர்கள். பவர் பேங்கின் 10,000 மில்லிஆம்பியர் மணி என்பது உள்ளே 3.7 வோல்ட்டில் எடுத்த கணக்கு, அதாவது 37 வாட் மணி. மாற்றும்போது இழப்பதைக் கழித்தால் 5,000 என்று எழுதிய கைப்பேசியை ஒன்றரை முறை நிரப்பும், இரண்டு முறை நிரப்பாது. ஏமாற்று இல்லை, அது இயற்பியல்.

உறைக்குத் திரும்புகிறேன். அந்த 600 ரூபாயில் சேராத ஒரு விலை இருக்கிறது.

பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் கிட்டத்தட்டப் பாதியளவு உப்பிட்டு வைப்பார்கள். அந்த உப்பு முதல் கழுவலிலேயே தண்ணீரில் இறங்கும். பிறகு முடி நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும், பிறகு அமிலம், பிறகு குரோமியம், சாயம். ஒரு கிலோ பச்சைத் தோலுக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. பழைய முறையில் டிரம்மில் போடும் குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவோடு போகும். அதெல்லாம் போன இடம் பாலாறு. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதைப் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றி நின்றது இந்தத் தீர்ப்பால். இன்றும் நாடு முழுதும் சூழல் வழக்குகளில் எடுத்துக்காட்டப்படும் பெயர் வேலூர். 2015 ஜனவரியின் கடைசி நாளில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் டேனரிக் கழிவுச் சேற்றைத் தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதே வழக்கின் தொடர்ச்சியில் 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் ஆற்றை மீட்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது.

மாற்றம் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் பொது நிலையங்கள் வந்திருக்கின்றன. குரோம் பதனிடும் கட்டத்தில் தண்ணீரே சேர்க்காத முறையை அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. ஆனால் நிலத்தடியில் இறங்கிய உப்பு அங்கேயே இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாத வீடுகள் பாலாற்றங்கரையில் இருக்கின்றன.

இவ்வளவு கொடுத்துச் செய்த பொருள் எத்தனை நாள் உழைக்க வேண்டும்? நல்ல தோல் இருபது வருடம் உழைக்கும். என் அப்பாவின் இடுப்புவார் என் இடுப்பில் இருக்கிறது. கைப்பேசியோ மூன்று, நான்கு வருடம். அடுத்த மாதிரியில் கேமரா இந்தப் பக்கம் போய்விடும், பொத்தான் அந்தப் பக்கம் வந்துவிடும், அகலம் இரண்டு மில்லிமீட்டர் மாறிவிடும். இருபது வருடப் பொருளை நான்கு வருடப் பொருளின் அச்சுக்கு வெட்டித் தைக்கிறோம். போன் போகும்போது, கறை பிடித்துக் கறுத்து அப்போதுதான் அழகு கூடியிருக்கும் தோலும் கூடவே குப்பைக்குப் போகிறது. அந்தத் துளையின் விளிம்பை உற்றுப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். அங்கே வெட்டுப்பட்டிருந்தது தோலின் ஆயுள்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் நடுத்தர வயதைத் தாண்டிய ஆண்கள் பலர் பெல்ட்டில் கோத்த தோல் பவுச்சில் கைப்பேசியை வைத்திருப்பார்கள். இளைஞர்களுக்கு அது பழைய மோஸ்தர். அறிவியல் கணக்கில் அதுதான் சரி. பவுச்சில் கேமராத் துளை இல்லை, பொத்தானுக்கு வெட்டு இல்லை. எந்தக் கம்பெனி, எந்த மாதிரி என்று அதற்குத் தெரியத் தேவையில்லை. ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் வெட்டியது போக மிஞ்சும் துண்டிலேயே ஒன்று தைத்துவிடலாம். சட்டைப்பையின் மணலிலிருந்து திரையைக் காக்கும். மூலைகளுக்கு மட்டும் போனிலேயே ஒரு மெல்லிய டிபியூ இருக்கட்டும். அது போனோடு போகட்டும். சார்ஜருக்கும் இதே பார்வைதான். யூஎஸ்பி-சி வாயும் பொதுவான வேக சார்ஜிங் முறையும் உள்ளதாக வாங்கினால் அடுத்த போனுக்கும் அதற்கடுத்ததற்கும் அதுவே ஆகும். ஒரே கம்பெனியின் போனுக்கு மட்டும் முழு வேகத்தில் ஓடும் சார்ஜர், கேமராத் துளை வெட்டிய உறை மாதிரி.

இரண்டு உறைகளையும் தள்ளி வைத்துவிட்டு, "பாய், இதுல ஓட்டை எதுவும் வேணாம். பவுச்சா தெச்சுக் குடுக்க முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் என் கைப்பேசியை வாங்கி, உள்ளறையிலிருந்து ஒரு துண்டு ஆட்டுத்தோலை எடுத்து வந்து அதன் மேல் வைத்தார். சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டார். பிறகு கோட்டுக்கு வெளியே ஒரு விரல் தள்ளி இன்னொரு கோடு.

"எதுக்கு இவ்ளோ எடம் விடறீங்க?"

"வளர்ற புள்ளைக்குத் துணி தெக்கிற மாதிரிதான் சார்" என்றார், கத்திரியை எடுத்துக்கொண்டே. "அடுத்த போனு எவ்ளோ பெருசா வாங்குவீங்க, சொல்லுங்க."